காசநோய்க்கு மாத்திரை இலவசம், பருப்பு யார் தருவது?

வணக்கம் மக்களே. மேசையில் இருப்பதைப் பாருங்கள். 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, பக்கத்தில் சத்து மாத்திரை அட்டை. ஜார்க்கண்டில் நாலு மாவட்டங்களில் 2019-இல் தொடங்கிய ‘ரேஷன்ஸ்’ (RATIONS) என்ற ஆய்வில், காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் இவ்வளவுதான் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்ட வீடுகளில் புதிதாக நோய் வருவது, கிடைக்காத வீடுகளைவிட 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு இது. புது ஊசி கிடையாது, சோறும் பருப்பும்தான்!

காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும், உடம்பு மெலிந்தால் கிளம்பிவிடும். கூலி வேலை செய்பவர் இருமலோடுதான் வேலைக்குப் போவார், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு, அதனால் மெடிக்கலில் ஒரு பாட்டில் டானிக் வாங்கிக் குடித்து நாளைத் தள்ளுவார். சளிப் பரிசோதனைக்கு வரும்போது ஆள் பாதியாகியிருப்பார், ஜன்னல் இல்லாத அதே அறையில் படுக்கிற பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும். அப்புறம் ஆறு மாதம் மாத்திரை. அது இலவசம், சரி. ஆனால் குமட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, வேலைக்குப் போகத் தெம்பில்லை, அந்த ஆறு மாதம் வீட்டில் உலை வைப்பது யார்?

காசநோயாளியின் சத்துணவுக்கென்று மத்திய அரசு மாதாமாதம் தந்த 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ஆனது. நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்கு 33 ரூபாய்தான் வருகிறது, அதுவும் நோயாளிக்கு மட்டும்.

நம் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, அது பெரிய விஷயம். துவரம் பருப்போ ஒரு கார்டுக்கு மாதம் ஒரே கிலோ, 30 ரூபாய்க்கு. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அந்த ஆய்வின் கணக்குப்படி 6 கிலோ வேண்டும்!

நான் கேட்பது இவ்வளவுதான். காசநோய் உள்ள வீட்டுக்குச் சிகிச்சை முடியும்வரை ஆளுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுங்கள். கடை இருக்கிறது, கார்டு இருக்கிறது, நோயாளிகள் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. ஆனால் கடையில் நாலு பேர் முன்னால் நோயின் பெயர் வெளியே வரக்கூடாது, வந்தால் வாங்கவே வரமாட்டார்கள். மனு ஒன்று எழுதி டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன், உங்கள் தொகுதி எம்எல்ஏவுக்கு அனுப்புங்கள்.