ஹாப்டனோட ஆர்மி ட்ரூரோவுல ஆயுதத்தைக் கீழ வச்ச கதை

வணக்கம் மக்களே! இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல ராஜா சார்லஸும் பார்லிமென்டும் மோதிக்கிட்டாங்க, அதுல 1645ல நேஸ்பிங்கிற இடத்துல ராஜா பெருசா தோத்தாரு. அதோட அவர் கதை முடிஞ்சிருச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறீங்க, அதான் இல்ல. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில, டெவன், கார்ன்வால் பக்கம் அவருக்கு இன்னொரு ஆர்மி இருந்துச்சு.

1646 ஜனவரில அதை ராஜாவோட தளபதி ரால்ஃப் ஹாப்டன் தலையில கட்டுறாங்க. கட்டுறாங்கன்னுதான் சொல்லணும், ஏன்னா முன்னாடி தளபதியா இருந்த கோரிங் பிரான்சுக்கு கிளம்பிட்டாரு, கிரென்வில்னு இன்னொரு தளபதி ஹாப்டனுக்கு கீழ வேலை பாக்கமாட்டேன்னு அடம்புடிச்சு ஜெயிலுக்கே போயிட்டாரு, குதிரைப்படை வேற சொந்த ஜனங்களையே கொள்ளையடிச்சு பேரைக் கெடுத்து வச்சிருக்கு.

பிப்ரவரி 16 ராத்திரி டெவன்ல இருக்கிற டோரிங்டன் ஊருக்குள்ள பார்லிமென்ட் தளபதி ஃபேர்ஃபேக்ஸ், பார்லிமென்டோட நியூ மாடல் ஆர்மியோட புகுந்துட்டாரு. அங்க சர்ச்சுல ஹாப்டன் ஆளுங்க சுமார் 80 பீப்பா வெடிமருந்து வச்சிருந்தாங்க, பிடிபட்ட ராஜா பக்க கைதிங்களையும் ஃபேர்ஃபேக்ஸ் ஆளுங்க அதே சர்ச்சுலதான் அடைச்சாங்க, அது வெடிச்சு சுமார் 200 பேர் செத்துட்டாங்க, ஃபேர்ஃபேக்ஸே மயிரிழையில தப்பிச்சாரு. இதுல பாருங்க, 1643ல லான்ஸ்டவுன் சண்டைக்கு மறுநாள் வெடிமருந்து வண்டி வெடிச்சு ஹாப்டனுக்கே பலத்த காயம்! மனுஷனுக்கும் வெடிமருந்துக்கும் ராசியே இல்ல.

அப்புறம் ஹாப்டன் கார்ன்வாலுக்குள்ள ஓட்டம். மூணு வருஷம் முன்னாடி அதே கார்ன்வால்ல, ஸ்ட்ராட்டன்ல பெரிய ஜெயிப்பு ஜெயிச்ச ஆளு! மார்ச் 2ல ராஜாவோட மகன் இளவரசர் சார்லஸ் கார்ன்வால்ல இருந்த பென்டெனிஸ் கோட்டையில இருந்து கப்பலேறி சில்லி தீவுக்குப் போயிட்டாரு. யாருக்காக சண்டை போடணுமோ அவரே இல்லன்னா சிப்பாய் என்னத்துக்கு நிப்பான்?

ஃபேர்ஃபேக்ஸ் இங்கதான் மூளைய யூஸ் பண்றாரு. ஆஃபீசர் குதிரையோட போகலாம், சாதா குதிரைவீரன் குதிரைய குடுத்தா 20 ஷில்லிங், திரும்ப சண்டைக்கு வரமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டு வீட்டுக்குப் போ, அவ்ளோதான். ஹாப்டன் இழுத்தடிச்சுப் பாத்தாரு, ஆனா அவரோட ஆஃபீசருங்களே இனிமே முடியாதுன்னுட்டாங்க. ட்ரெசிலியன் பாலத்துல பேசி, மார்ச் 14ல ட்ரூரோல கையெழுத்து.

என்னைக் கேட்டா அந்த 20 ஷில்லிங் செம டீல்ங்க. ஏன்னா பென்டெனிஸ்ல கிட்டத்தட்ட 70 வயசு ஜான் அருண்டெல் சரண்டர் ஆகமாட்டேன்னு உக்காந்துட்டாரு, அந்த ஒரு கோட்டைய பட்டினி போட்டு புடிக்கவே ஆகஸ்ட் ஆயிடுச்சு. நாட்டை விட்டுப் போன ஹாப்டன் கடைசி வரைக்கும் ஊர் திரும்பல, 1652ல இப்போ பெல்ஜியத்துல இருக்கிற ப்ரூஜ்ல செத்துட்டாரு.

பென்டெனிஸ் முற்றுகைக்கு தனி வீடியோ வேணுமா, கமெண்ட்ல சொல்லுங்க.