லினக்ஸில் ஹைபர்னேஷன்: ரேம் வட்டுக்குப் போய்த் திரும்பும் கதை

[திரையில்: மடிக்கணினியின் மூடி மூடப்படுகிறது]

மூடியை மூடினால் லினக்ஸ் மடிக்கணினி வழக்கமாக சஸ்பெண்ட் நிலைக்குச் செல்கிறது. திறந்திருந்தவை யாவும் ரேமிலேயே இருப்பதால் பேட்டரி சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். ஹைபர்னேஷனிலோ ரேமில் உள்ளவை வட்டின் ஸ்வாப் பகுதியில் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) எழுதப்பட்டு இயந்திரம் முற்றிலும் அணைந்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும், பாதியில் விட்ட வாக்கியத்தின் அருகிலேயே கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் உறையவைத்து, ரேமின் பிரதியை ரேமிலேயே எடுக்கிறது. அந்தப் பிரதிக்கும் இடம் வேண்டும் என்பதால், ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அதை அடக்கவே கெர்னல் இயல்பாக முயல்கிறது. 16 ஜிபி ரேம் என்றால் ஏறத்தாழ 6.4 ஜிபி. பிறகு அதைச் சுருக்கி எழுதுகிறது. ஆகவே, ரேம் அளவுக்கு ஸ்வாப் வேண்டும் என்பது பாதுகாப்பான அறிவுரையே தவிர, கட்டாய விதியன்று.

[திரையில்: ஸ்வாப் பகுதியின் முதல் பக்கம் பெரிதாகிறது]

இந்தப் பக்கத்தின் கடைசியில் 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்ற அடையாளம் இருக்கும். பிரதியை எழுதி முடித்ததும் கெர்னல் அதை 'எஸ்1சஸ்பெண்ட்' என்று மாற்றுகிறது. மறுமுறை இயந்திரத்தைத் திறக்கும்போது புதிதாகத் துவங்கும் கெர்னல் இந்த அடையாளத்தைக் கண்டதும், பிரதியை ஏற்றுவதற்கு முன்பே பழைய அடையாளத்தைத் திரும்ப எழுதிவிடுகிறது. ஏற்றும்போது இயந்திரம் நின்றுபோனாலும் அடுத்த முறை சாதாரணமாகத் துவங்கிவிடும்; இந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஹைபர்னேஷனில் இருக்கும்போது, லினக்ஸின் கோப்புகள் உள்ள வட்டுப் பகுதியை வேறொரு இயங்குதளத்திலிருந்து திறந்து எழுதிவிடாதீர்கள். பிரதியில் உறைந்திருக்கும் கெர்னலுக்கு அந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்கை வைத்துக்கொண்டு மேலே எழுதினால் கோப்புமுறைமையே சிதைந்துபோகும்.

இவ்வளவு இருந்தும் இவ்வசதி உபுண்டு, ஃபெடோரா போன்ற பல லினக்ஸ் விநியோகங்களில் (தயார்நிலைத் தொகுப்புகளில்) இயல்பாகக் கிடைப்பதில்லை. உபுண்டு 12.04 பதிப்பிலேயே அதை முடக்கிவிட்டது. ஃபெடோரா 33 முதல் ஸ்வாப்புக்கு இயல்பாக அமைவது சிரேம் (zram). அதுவோ ரேமுக்குள்ளேயே இருப்பது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மேலும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது பல விநியோகங்கள் கெர்னலை யாரும் திருத்த முடியாத லாக்டவுன் நிலையில் வைக்கின்றன. வட்டிலுள்ள பிரதிக்குக் கையொப்பம் இல்லாததால், யாரேனும் அதைத் திருத்தினாலும் கெர்னலால் கண்டுபிடிக்க இயலாது. எனவே அந்நிலையில் ஹைபர்னேஷன் மறுக்கப்படுகிறது.

ஸ்வாப்பைத் தனிப் பகுதியாக அன்றிக் கோப்பாக வைத்திருந்தால், அது வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதையும் 'ரெஸ்யூம் ஆஃப்செட்' மூலம் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்புமுறைமையைப் பயன்படுத்துவோர் இந்த எண்ணை அதன் சொந்தக் கருவியிலிருந்தே எடுக்க வேண்டும். வழக்கமான ஃபைல்ஃப்ராக் கருவி காட்டும் எண் அங்கே பொருந்தாது.

[திரையில்: முனையச் சாளரம்]

முதன்முறை முயல்பவர்களுக்கு 'டெஸ்ட் ரெஸ்யூம்' என்ற முறை உண்டு. இதில் இயந்திரம் அணையாமலே பிரதி எழுதப்பட்டு, உடனே திரும்ப ஏற்றப்படுகிறது. அதற்கு முன் திறந்துள்ள கோப்புகளைச் சேமித்துவிடுங்கள்.