தவறு, தப்பு, பிழை, குற்றம், பாவம்: நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் எழுதி வராத எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘நான் செய்த குற்றத்தை மன்னித்துவிடுங்கள் அம்மா’ என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர் ‘குற்றத்தை’ என்பதை அடித்துவிட்டு, ‘தவறை’ என்று திருத்தியிருக்கிறார். பக்கத்தில் இருந்த மற்றோர் ஆசிரியரோ, ‘தெரியாமல் செய்தால்தான் தவறு, இவன் தெரிந்தேதான் எழுதாமல் வந்தான், ஆகவே தப்பு என்று போடுங்கள்’ என்றாராம். யார் சொல்வது சரி, பிழை, பாவம், பழி ஆகியவை இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டிருக்கிறார்.

தெரியாமல் செய்வது தவறு, தெரிந்து செய்வது தப்பு என்னும் விளக்கம் திரைப்பாட்டு ஒன்றின் வழியாக நாடெங்கும் பரவிய விளக்கம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வழக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘தெரியாமல் தப்புப் பண்ணிவிட்டேன்’ என்ற பேச்சுக் கேட்காத வீடு உண்டா? ‘தெரிந்தே தவறு செய்தார்’ என்று நாம் எழுதுவதில்லையா? செய்தவனுடைய எண்ணத்தைச் சொல்ல வேண்டுமானால், ‘தெரிந்தே’, ‘வேண்டுமென்றே’, ‘அறியாமல்’ என்று தனியாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம். அப்படிச் சேர்க்க வேண்டியிருப்பதே, அந்தப் பொருள் தவறு, தப்பு ஆகிய சொற்களுக்குள் இல்லை என்பதற்குச் சான்று. தப்பு பேச்சில் மிகுதியாக வரும், தவறு எழுத்தில் மிகுதியாக வரும். நான் காணும் வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவுதான்.

இவ்விரண்டோடு பிழையையும் சேர்த்து, மூன்றையும் வினைச்சொற்களாக வைத்துப் பாருங்கள். கால் தவறி விழுகிறோம், குறி தப்புகிறது, கணக்குப் பிழைக்கிறது. சேர வேண்டிய இடத்தைச் சேராமல் விலகிப் போவதுதான் மூன்றுக்கும் அடிப்படை. இதில் ஒரு விந்தை உண்டு. தப்புதல் என்றால் தப்பித்தல், பிழைத்தல் என்றால் உயிரோடு இருத்தல் என்றும் பொருள். தனித்தனியே நின்றால் ‘தப்பு’, ‘பிழை’ என்று முகம் சுளிக்கிறோம். இரண்டையும் சேர்த்து ‘விபத்தில் தப்பிப் பிழைத்தார்’ என்றால் மகிழ்கிறோம். இதற்குத் திருக்குறளின் 772ஆம் குறளைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை: ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.’ காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையின் மேல் எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறார். வேல் பிழைத்தது என்றால் குறி தவறியது. அந்த நொடியிலேயே யானையும் பிழைத்தது, அதாவது உயிர் தப்பியது. எறிந்தவன் பக்கத்தில் நின்று பார்த்தால் பிழை. யானையின் பக்கத்தில் நின்று பார்த்தால் பிழைப்பு.

பிழை என்றால் எழுத்துப்பிழை, சந்திப்பிழை போலச் சிறிய ஒன்று என்று இன்று பலர் எண்ணுகிறோம். சிலப்பதிகாரத்தில், ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், உண்மை தெரிந்தவுடன், ‘என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்’ என்று சொல்லி வீழ்கிறான். ஓர் உயிரைப் பறித்த கொடுமைக்கு அவன் வாயில் வந்த சொல்லும் பிழைதான். காவல் என்னும் அரசகடமை தன்னிடத்தில் வழுவிவிட்டது என்பது அவனுடைய துயரம். இலங்கைத் தமிழர் பேச்சில் இந்தச் சொல்லின் பரப்பு இன்னும் சுருங்கவில்லை. நாம் ‘அது தப்பு’ என்னும் இடத்தில் அவர்கள் இயல்பாக ‘அது பிழை’ என்கிறார்கள். ‘சரி பிழை’ என்பது அங்கே அன்றாடத் தொடர்.

இனிக் குற்றம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் காவல் நிலையமும் குற்றப்பத்திரிகையும் நினைவுக்கு வருவதால்தான் ஆசிரியை அதை அடித்திருக்கிறார். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தைப் பற்றி எழுதினாலும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் பற்றி எழுதினாலும், குற்றம் என்ற சொல்லைத்தான் ஆள்கிறோம். தீர்ப்பு வரும்வரை ஒருவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. தீர்ப்புக்குப் பிறகே ‘குற்றவாளி’. செய்தி வாசிப்பவர்கள் இதைக் கலந்து சொல்லும்போது எனக்குக் காது கூசும். ஆனால் குற்றம் நீதிமன்றத்தில் பிறந்த சொல் அன்று. ‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று கொன்றைவேந்தன் சொல்வது, உறவினரிடம் நாம் தேடும் சின்னச் சின்னக் குறைகளை. ‘நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே’ என்று நக்கீரர் சொன்னதாக வழங்குவதும் ஒரு செய்யுளின் பொருளில் இருந்த குறையைப் பற்றித்தான். கத்தோலிக்கர் முன்பு ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று ஓதிய இடத்தில் இப்போது ‘எங்கள் குற்றங்களை மன்னியும்’ என்று ஓதுகிறார்கள். அங்கேயும் வழக்கறிஞருக்கு வேலை இல்லை. குற்றம் என்ற சொல்லோடு காணுதல், கூறுதல், சாட்டுதல் என்னும் வினைகள் வருவதைக் கவனியுங்கள். எதிரே நின்று அதைச் சுட்டிக்காட்டுபவர் ஒருவர் எப்போதும் உண்டு.

பாவத்திற்கு அப்படி ஒருவர் வேண்டியதில்லை. பாவம் சேர்கிறது, பாவத்தைச் சுமக்கிறோம், தொலைக்கிறோம், கழுவுகிறோம். எடையும் அழுக்கும் உள்ள பொருளைப் போலவே அதைப் பேசுகிறோம். பழி ஊரார் வாயில் இருப்பது. பழியைப் போடலாம், சுமத்தலாம், செய்யாதவன் தலையிலும் ஏற்றலாம். ‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்னும் பழமொழி இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது: செய்தவனிடத்தில் பாவம் இருக்க, பழி மட்டும் வேறொருவனைப் போய்ச் சேர்கிறது.

அப்படியானால், கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட குழந்தையைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறோமே, அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? வடமொழிப் ‘பாப’ என்பதிலிருந்து வந்த சொல் இது. துன்பம் முன்வினையின் பயன் என்ற நம்பிக்கை ஊறிய மண்ணில், துன்பப்படுபவரைக் கண்டவுடன் அந்த வினையின் பெயர் வாயில் வந்து, நாளடைவில் வினை மறந்துபோய் இரக்கம் மட்டும் எஞ்சிவிட்டது என்றே நான் கருதுகிறேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல்லை இதே இரக்கத்தோடு சொல்கிறார்கள். மலையாளத்தில் மட்டும் வினைக்குப் ‘பாபம்’, இரக்கத்திற்குப் ‘பாவம்’ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நமக்கு ஒரே சொல். ஆகவே ‘அவன் பாவம்’ என்றால் இரக்கம், ‘அவன் பாவி’ என்றால் பெரும்பாலும் வசை. பரதநாட்டியத்தில் சொல்லும் பாவம் வேறொரு வடசொல். எழுத்து ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம்.

கடிதத்திற்கு வருகிறேன். ‘தவறை’ என்ற திருத்தம் சரியானது. தெரிந்து செய்தான் என்பதற்காக அதைத் ‘தப்பு’ ஆக்க வேண்டியதில்லை. மாணவன் எழுதிய ‘குற்றம்’ மொழியளவில் வழுவன்று. வீட்டுப்பாடத்திற்குச் சற்றுப் பெரிய சட்டை, அவ்வளவுதான். நானாக இருந்தால் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, ‘நேற்று வீட்டுப்பாடம் எழுதத் தவறிவிட்டேன், நாளை எழுதி வருகிறேன்’ என்று எழுதச் சொல்லியிருப்பேன்.