கடைக் கொப்பியும் மூன்று கூடைச் சருகும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், 22 வருஷம் வேலை செய்தவள் நான். முப்பது பிள்ளைகள் சேர்ந்து அழும்போது அதற்கு மேலால் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை இது. உரக்கப் பேசினால் உங்கள் வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையில் காசில்லாமல் ஒரு குடும்பம் இயற்கை வாழ்வுக்கு மாறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இயற்கை, சேதனப் பசளை என்ற சொற்களை எங்கள் பக்கம் எடுத்தாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். இடையில் வெளுத்துப்போன கோவாப் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சே கசக்கும், நியாயம்தான். மண் பழகுவதற்கு மூன்று நாலு போகமாவது வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் ஒரு வர்த்தமானி அறிவித்தலில் நாட்டையே மாறச் சொன்னால் எப்படி மாறும்? எங்கள் ஒரு காம்பரா வீடு மாறுவதற்கே ஆறு வருஷம் பிடித்தது. அதுவும் இன்னும் பாதிதான்.

சரி, எங்கே தொடங்கினேன் என்று சொல்கிறேன். கடைக் கொப்பியில்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாதம் முழுக்கக் கடையில் கடனுக்கு வாங்கி அதில் எழுதுவது, சம்பளம் போட்டதும் கணக்குத் தீர்ப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி அடையாளம் போட்டேன். இது இல்லாமல் முடியாது என்றால் ஒரு கோடு. இதற்குப் பதில் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்றால் ஒரு வட்டம். எதற்கு வாங்குகிறோம் என்றே தெரியவில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி எத்தனை விழுந்தது தெரியுமா? நிறம் போட்ட பானப் பக்கெட், சூப் கட்டி, வாசனைத் தெளிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் கொசுவர்த்தி. எங்கள் குளிரில் கொசு எங்கே இருக்கிறது? ஆனாலும் மாதாமாதம் கொப்பியில் கொசுவர்த்தி இருந்தது. பக்கத்து வீட்டில் கொளுத்தினார்கள், நாங்களும் கொளுத்தினோம்.

வட்டம் போட்டதில் முதலாவது பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம். அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் அந்த வேலையை அருமையாகச் செய்யும். எங்கள் அம்மா காலத்தில் அதுதானே இருந்தது!

கோடு போட்டவற்றில் கை வைக்கவில்லை. அரிசி, மா, பருப்பு, தேங்காய், டின் மீன். சுவந்தெல், பச்சைப்பெருமாள் என்று நல்ல நல்ல பாரம்பரிய அரிசி நாட்டில் இருக்கிறது. விலையைக் கேட்டால் பேசாமல் கடையை விட்டு இறங்கிவிடுவீர்கள். நான் கடையில் வருகிற சம்பா அரிசியைத்தான் இன்றும் வடிக்கிறேன், அதில் வெட்கமில்லை. இந்தப் பக்கெட்டை வாங்கு, அந்தப் போத்தலை வாங்கு என்று யாராவது உங்களுக்கு இயற்கை வாழ்வை விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். வாங்கி வாங்கி மாறப் போனால் நம்மைப் போன்றவர்கள் இரண்டாவது மாதமே தோற்றுப்போவோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடைக் கொப்பியைக் கையில் எடுப்பதற்கு முந்தியே ஒரு கேன் கதை நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் அப்போது மலையில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். ஒரு நாள் காலியான களைநாசினிக் கேன் ஒன்று வீட்டுக்கு வந்தது. நீல நிறம், இறுக்கமான மூடி, பிடிக்க வசதியான கைப்பிடி. பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போக இதைவிட நல்ல சாமான் கிடைக்குமா? நானே மூன்று தடவை சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இரண்டு வாரம் குடிதண்ணீர் அதில்தான் இருந்தது. பூச்சி மருந்து மாதிரி வாசம் வருகிறதே என்று என் அத்தைதான் கண்டுபிடித்தார். நான் மூக்கை விட்டுப் பார்த்தேன், வரத்தான் செய்தது. அந்தப் பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டு மூலையில் அப்படி ஒரு கேன் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இன்றைக்கே ஓட்டை போட்டுவிடுங்கள், திரும்ப யாரும் எடுக்கமுடியாதபடி. வேறு ஒன்றையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள்.

இப்போது கூட்டெருவுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

உடைந்த தண்ணீர்ப் பரல் ஒன்றை லயத்துப் பின்பக்கம் வைத்து, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சின சோறு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஜூன் மாதம். நம் பக்கத்து ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், மழை விடுவதே இல்லை. இரண்டாவது வாரம் நாற்றம் கிளம்பியது. லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு. என் பரலின் நாற்றம் எட்டு வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. சரியாக அந்த ஞாயிறு பக்கத்து வீட்டு அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், மூக்கில் சேலைத் தலைப்பை வைத்தார்கள். நான் என் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக மூன்று மணி நேரம் இழுக்கிற பேச்சு முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனப் பேச்சை நீட்டாமல் எழுந்து போனதற்கு என் பரல்தான் காரணம் என்று அந்த அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அன்று மாலை அத்தை பரலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மாட்டுப் பட்டியில கீழ புல்லு போடாம சாணியை மட்டும் குமிப்பாங்களா? மாடு கூட படுக்காதே." அவ்வளவுதான் பாடம். பரலைக் கவிழ்த்து, காய்ந்த மானாப்புல்லையும் சருகையும் கலந்து திரும்ப அடுக்கினோம், அடியில் ஓட்டை போட்டோம், மேலே தகரத்தால் மூடினோம். நாலாம் நாள் நாற்றம் இல்லை. உள்ளே கையை விட்டால் சூடு.

கணக்கு இதுதான், எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்தது மூன்று கூடை, பச்சை ஒரு கூடை. மரக்கறித் தோல், புதுச் சாணம், பச்சை இலை எல்லாம் பச்சைக் கணக்கு. சருகு, மானாப்புல், கிழித்த கடுதாசி எல்லாம் காய்ந்த கணக்கு. ஈரம் எவ்வளவு? புட்டுக்கு மாவு பிசைகிற பதம். பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். தண்ணீர் சொட்டினால் இன்னும் சருகு போடுங்கள். சவுக்கு இலை நம் மலையில் நிறையக் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் மக்குவதற்கு நாளெடுக்கும், நொறுக்கிப் போடவேண்டும். யூக்கலிப்டஸ் இலை வேண்டாம். ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற காட்டுச் சூரியகாந்தி இருக்கிறதே, அதன் இலைதான் தங்கம். தழைச்சத்து நிறைய, சீக்கிரம் மக்கும், கேட்பாரில்லை, காசுமில்லை. எங்கள் குளிரில் எரு தயாராக நாலு மாதம் ஆகிறது. கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சுருக்காகக் கிடைக்கும். மறுபடியும் சொல்கிறேன், காய்ந்தது மூன்று, பச்சை ஒன்று.

கைபேசியில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்தேன். வேப்பம் புண்ணாக்கு போடு என்பார்கள். நம் குளிரில் வேம்பு சரியாக வளராது, கடையில் வாங்கினால் கொப்பியில் ஏறிவிடும். பஞ்சகவ்யம் செய் என்பார்கள். சாணமும் கோமியமும் சரி, பட்டியில் கேட்டால் தருவார்கள். பாலும் தயிரும் நெய்யும்? பிள்ளைக்குக் கொடுக்க வழியில்லாத வீட்டில் செடிக்கு ஊற்றச் சொல்கிறார்கள். பஞ்சகவ்யம் கெட்டது என்று சொல்லவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் செய்யட்டும்.

நமக்கு வேண்டியது சாம்பல். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த குச்சி, எரிக்கிற வீடுகளில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். கோவாவுக்கும் போஞ்சிக்கும் பீட்ரூட்டுக்கும் அவ்வளவு புளிப்பு ஆகாது. அதே மண்ணில் மரக்கறி நட்டுவிட்டு, என்ன எரு போட்டும் செடி குட்டையாகவே நிற்கிறதே என்று யோசிப்போம். சாம்பல் அந்தப் புளிப்பைத் தணிக்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சாக்கு மண்ணுக்கு ஒரு பிடி கலந்தால் போதும். கோழி எருவோடு ஒரே நாளில் கலக்காதீர்கள், சத்து வாசமாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்குக்குப் போடாதீர்கள், கிழங்கின் தோலில் சொறி விழும். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் எதற்குமே வேண்டாம்.

சாக்கு என்றேன் அல்லவா. நான் பாத்தி கட்டவில்லை, பழைய மாச் சாக்குகளில் வளர்க்கிறேன். 7 பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்கள் பாத்தி கட்டலாம். லயத்துக்காரர்களுக்கு நிற்கிற மண் சொந்தமில்லை. நாளைக்கு நகரச் சொன்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு நகரலாமே! எட்டுச் சாக்கு வைத்திருக்கிறேன். நாலில் கீரை, இரண்டில் போஞ்சி, ஒன்றில் வெங்காயத்தாள், ஒன்றில் வல்லாரை. வேலியில் சௌசௌ தானாகப் படர்கிறது, அதற்கு நான் ஒன்றுமே செய்வதில்லை. கோவா, தக்காளி நான் போடுவதில்லை. புழுவும் கருகலும் சேர்ந்து மனசை உடைத்துவிடும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிட்டவே போகாதீர்கள்.

நத்தைக்கு மட்டும் ஒரு வழி. மழை நாளில் சாம்பல் தூவிப் பிரயோசனமில்லை, கரைந்துவிடும். இரவில் நனைந்த சாக்குத் துண்டொன்றைச் செடிக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். விடியற்காலையில் புரட்டினால் எல்லாரும் கீழே கூட்டம் போட்டிருப்பார்கள். என் பேத்திக்கு இதில்தான் முழுச் சந்தோஷம், எண்ணி எண்ணி வாளியில் போடுவாள்.

அடுத்ததாகத் துணி துவைப்பது, பெண் பிள்ளைகளின் மாதாந்தத் துணி, பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டி என்று நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா தம்பி? ஒன்றாக மடக்கிவிட்டார். சரி, விதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போஞ்சி தன் பூவிலேயே தானாக மகரந்தம் சேர்கிற செடி, அதனால் விதை பெரும்பாலும் தாய் மாதிரியே வரும். நல்ல திடமான ஒரு செடியைத் தெரிந்து அதில் நூல் கட்டிவிடுங்கள், அந்தச் செடியில் காய் பறிக்காதீர்கள். காய் பழுத்துத் தோல் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகல என்று சத்தம் கேட்கவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் செடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் உரித்து, ஆறின சாம்பலோடு போத்தலில் போட்டு மூடி, மேலே மாதத்தை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்த நூல் கட்டின செடியிலும் அத்தை இரண்டு காய் பறித்துச் சம்பலுக்குப் போட்டுவிடுவார், அதையும் கணக்கில் வைத்து இரண்டு செடியில் கட்டுங்கள். தம்பி கையைக் கீழே போட்டுவிட்டார். வணக்கம்.