சோற்றுக் கரண்டியைத் தராசில் வைத்துப் பார்ப்போம்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். எண்ணூரிலிருந்து ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். பசியோடு இருப்பீர்கள். நம் சோற்றுத் தட்டையும் சுகரையும் டயட்டையும் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதனால் சுற்றி வளைக்காமல் தராசிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மேஜையில் ஒரு குண்டான் சோறு, வீட்டுக் கரண்டி ஒன்று, மளிகைக் கடைத் தராசு ஒன்று. காலித் தட்டை வைத்துப் பூஜ்யம் ஆக்கியாகிவிட்டது. நம் வீடுகளில் மதியம் ஒரு ஆளுக்குப் போடுகிற மாதிரியே போடுகிறேன். குழம்புக்கு இரண்டு கரண்டி, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. முள் 400 கிராமைத் தொட்டுவிட்டது. தட்டைப் பார்த்தால் யாருக்கும் அதிகமாகத் தெரியாது. ஆனால் 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. இந்தத் தட்டில் 112 கிராம். கலோரி 520. புரதம் பத்து கிராம்தான். இதன் மேல் ஒரு கரண்டி தண்ணிச் சாம்பார் ஊற்றினால், அதில் பருப்பு பத்து கிராம் இருந்தாலே பெரிது. ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல்.

இந்தத் தட்டை வைத்துத்தான் இன்றைக்கு இரண்டு கட்சி சண்டை போடுகிறது. ஒரு கட்சி, “சோறே விஷம், அடியோடு நிறுத்து” என்கிறது. இன்னொரு கட்சி, “தாத்தா பாட்டி மூணு வேளையும் சோறு தின்னுதான் நூறு வயசு இருந்தாங்க” என்கிறது. தாத்தா மூட்டை தூக்கினார், மரம் இழுத்தார், வலை இழுத்தார். அந்த உடம்பு குளுக்கோஸை உடனுக்குடன் தசைக்குள் வாங்கிக்கொண்டது. பேரன் பைக்கில் உட்கார்ந்து டெலிவரி கொடுக்கிறான். தட்டு மட்டும் மாறவில்லை.

ஆய்வு என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நம் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் வெறும் 5 சதவீதக் கலோரியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கு சுகர் வரும் வாய்ப்பு குறைவு. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மட்டும் மாற்றினால் அந்தப் பலன் தெரியவில்லை.

இதை இங்கே இருக்கிற அக்காமார்கள் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். “சுகர் வந்துடுச்சு, ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டோம்” என்று சொல்லாத தெருவே இல்லை. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு. நாலு சப்பாத்திக்கு 120 கிராம். அதில் மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல். மூன்று கரண்டிச் சோறும் அதேதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா என்றால் சோறே தேவலை. கேழ்வரகும் அப்படித்தான். கால்சியம் அபாரம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல், அதற்காகவே சாப்பிடலாம். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சி ஒரு பெரிய சொம்பு குடித்தால், மெல்லுகிற வேலையே இல்லாமல் சர்க்கரை வேகமாக ஏறும். ஆடி மாதக் கூழை விட வேண்டாம். ஒரு டம்ளரோடு நிறுத்தி, கூட நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் முருங்கைக்கீரையும் வையுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை விட்டுவிட்டு முட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. கருவாடு அதில் பாதியைச் சுலபமாகத் தின்றுவிடும்.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். நம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே அதை வைத்து ஆய்வு நடத்தினார்கள். அது குடல் அழற்சி நோய்க்கான ஆய்வு. ஆறிய சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறுவது உண்மைதான். அது ‘கொஞ்சம்’ என்பதை மறந்துவிட்டு, சுகர்காரர்கள் பழைய சோற்றை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைத்தால் ரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றுக்கும் ஒரே வரிதான்: எல்லாம் சர்க்கரை.

இப்போது டயட்டுகளுக்கு வருவோம். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பை நிறையச் சாப்பிடச் சொல்கிற கீட்டோ டயட் புதிதல்ல. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காகப் பெயர் வைத்த சிகிச்சை அது. குழந்தைகளின் கட்டுக்கடங்காத வலிப்புக்கு, மருத்துவர் மேற்பார்வையில், இன்றும் கொடுக்கிறார்கள். அதைத்தான் இப்போது உடல் இளைக்க என்று போனில் விற்கிறார்கள்.

முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம் கல்லீரலும் தசையும் சேர்ந்து சர்க்கரையைச் சுமார் அரை கிலோ கிளைகோஜனாக மாற்றிச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சிறுநீராகப் போகிறது. எடை இயந்திரம் இறங்குகிறது. கொழுப்பு அதில் கொஞ்சம்தான். பொங்கலுக்கு ஒரு வாரம் சோறும் கரும்பும் சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். “டயட் ஃபெயிலாயிடுச்சு” என்று மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. போனதும் தண்ணீர், வந்ததும் தண்ணீர்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரையும், ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இறங்கும். அது பொய் இல்லை. ஆனால் கொழுப்பைக் குறைத்த கூட்டத்தையும் மாவுச்சத்தைக் குறைத்த கூட்டத்தையும் ஒப்பிட்டு, 609 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டில் ஒரு வருடம் சோதனை நடத்தினார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஒரு கூட்டம் சராசரியாக 5.3 கிலோ, இன்னொரு கூட்டம் 6 கிலோ இளைத்தது. புள்ளிவிவரக் கணக்கில் வித்தியாசமே இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகச் சொன்னது, சர்க்கரையையும் மைதாவையும் தள்ளு, காய்கறியை ஏற்று என்பது. ஒரு வருடம் கழித்தும் விடாமல் செய்ய முடிகிற முறையைப் பிடிப்பதுதான் வேலை. தானியத்தைத் தள்ளிவிட்டு மாமிசம், முட்டை, கொட்டை வகைகளைச் சாப்பிடச் சொல்கிற பேலியோ டயட், காலையில் நூறு பாதாம் என்கிறது. எண்ணிப் போட்டால் 120 கிராம், 700 கலோரி, நூறு ரூபாய் வாக்கில் செலவு. வீட்டில் அப்பாவுக்கு மட்டும் பாதாமும் பிள்ளைகளுக்குத் தண்ணிச் சாம்பாரும் என்றால், அந்த வீட்டில் அது எத்தனை மாதம் ஓடும்?

பணத்தை விடுங்கள். உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் முக்கியமாக இன்றைக்குப் பேச வந்தேன். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பி, வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கிளிமிபிரைட், கிளிக்ளசைடு என்று இருந்தால் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைப்பது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால், 16 மணி நேர விரதம் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே விழலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்று விட்டுவிட்டுப் போவார்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரைகள், நல்ல மாத்திரைகள்தான். அவற்றோடு கீட்டோ இருந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற கீட்டோன் அளவுக்கு மீறி ஏறி ரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வரும். மீட்டரோ 180, 200 என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துப் படுத்துவிடுவார்கள். படுக்காதீர்கள். காஷுவாலிட்டிக்குப் போய், மாத்திரைப் பெயரையும் சோறு நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நம் தட்டு ஏன் இப்படி ஆனது? பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி வாங்குகிற நாலு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம் அரிசி, இலவசமாக. பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய். அதை அதே மாதிரி வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னதோ, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குப் பருப்பும் பயறும் சேர்ந்து 85 கிராம், காய்கறி 400 கிராம். பசியைத் தீர்த்தது இந்த அரிசிதான், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் 8-க்கும் 85-க்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைத்தான் நாம் கரண்டி கரண்டியாகச் சோற்றைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பள்ளத்தை வேறு எதை வைத்து நிரப்புவது? காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரம் வாங்கச் சொல்லவில்லை. நெத்திலியும் மத்தியும் போதும். சுத்தம் செய்த 100 கிராம் மீனில் புரதம் இருபது கிராம் வாக்கில் உண்டு, நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். குழம்பாகக் கொதிக்க விடுங்கள், தினமும் எண்ணெயில் பொரித்தால் கணக்கு மாறிவிடும். மீன் சாப்பிடாதவர்களுக்கு மீல்மேக்கர். காய்ந்தது 25 கிராம், ஒரு கைப்பிடி, அதில் 13 கிராம் புரதம். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு முறை பிழிந்துவிடுங்கள், பிழியாமல் போட்டால் வாடை அடிக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது தட்டை மாற்றுகிறேன். சோறு இரண்டு கரண்டி. பருப்பைக் கரைத்து ஊற்றாமல், கெட்டியாகக் கடைந்து ஒரு கரண்டி, அதற்கு வேகவைக்காத பருப்பு 30 கிராம். மீன் 100 கிராம். பொரியலும் கீரையுமாக 150 கிராம். தட்டு அதே அளவு நிறைந்திருக்கிறது, பாருங்கள். புரதம் முப்பது கிராமைத் தாண்டிவிட்டது. சாப்பிடும்போது பொரியலையும் மீனையும் முதலில் பாதி முடித்துவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். ஏறுகிற சர்க்கரை மெதுவாக ஏறும். முதல் வாரம் மாலை நாலு மணிக்குப் பசிக்கும். அந்த நேரத்து டீயில்தான் பலர் தோற்கிறார்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாலு டீக்கு 40 கிராம் சர்க்கரை, கூட பன் பட்டர் ஜாம். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து, பன்னுக்குப் பதில் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸை விடச் சொல்வேனோ என்று இளைஞர்கள் முகத்தில் கவலை தெரிகிறது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு, அதை ஏன் விட வேண்டும்? நூடுல்ஸைப் பாதியாக்கி, கோஸைக் கூட்டிப் பிசையச் சொல்லுங்கள். நொறுக்கிப் போடுகிற பேஜோ தட்டையையும் வறுத்த வெங்காய எண்ணெயையும் குறைக்கச் சொல்லுங்கள். கூடவே முட்டை மசாலா இரண்டு, வாழைத்தண்டு சூப். வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

இவ்வளவும் உங்கள் உடம்பில் வேலை செய்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். ஒரு நாள் பழைய தட்டு, மறுநாள் அதே நேரத்தில் புதுத் தட்டு. சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் கவளம் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் சோற்றுப் பசை இருந்தால் எண் பொய்யாக ஏறும். நாலு எண்ணையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சோறு குறைந்தால் மாத்திரையின் அளவையும் அவர் மாற்ற வேண்டியிருக்கும்.