மண்ணா மக்களா: மாட்டுகிட்ட பேசறவங்க சார்பா நான்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், கோயில் கமிட்டிக்கு வணக்கம், எதிரணிக்கு... அவிங்களுக்கு போறப்ப சொல்லிக்கறேனுங்க, எட்டு நிமிசந்தான் குடுத்திருக்கீங்க.

பட்டிமன்றத் தலைப்பு என்ன, வயசான காலத்துல நிம்மதி தர்றது மண்ணா மக்களா. நான் மண்ணு. பத்து பாயிண்ட் எழுதிட்டு வந்தேனுங்க, கைப்பையிலதான் இருக்குது. ஆனா முன்னாடி பேசிட்டு போன தம்பி ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம் பேப்பர எடுக்கவே மனசு வரல. "தோட்டத்துல கெடக்கற கெழவனும் கெழவியும் பேச ஆளில்லாம மாட்டுகிட்ட பேசிட்டு கெடக்கறாங்க" அப்படீன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. மொத வரிசையில நெலக்கடலை உரிச்சுட்டு இருக்கற அண்ணன் விசிலே அடிச்சாரு.

தம்பி, நீங்க சொன்னது நெசந்தான். எங்க மாமனாரு மாட்டுகிட்டதான் பேசுவாரு. ஆனா எதுக்கு பேசுவாருன்னு கேளுங்க.

ஈரோடு மாவட்டத்துல கோபிசெட்டிபாளையத்துக்கு பக்கத்துல, கீழ்பவானி வாய்க்கா பாசனத்துல ரெண்டரை ஏக்கரு. நடுவுல ஓட்டு வீடு, நாப்பது தென்னை, கட்டுத்தரையில ஒரே ஒரு மாடு, பேரு செவலை. அந்த வாய்க்காலுக்கு தண்ணி விடற பவானிசாகர் அணைய கட்டி முடிச்சது 1955ல, எங்க மாமாவும் பொறந்தது அந்த வருசந்தான். அணையையாச்சும் வருசா வருசம் ஆகஸ்ட் 15 ஒட்டி தொறந்து விட்டுடறாங்க, இவரு வாய தொறக்கோணும்னா அரசாணை போட்டாலும் ஆகாது. அதுலயும் அத்தை மேல கோவம்னா சுத்தம்.

ஒருநா கோயிலுக்குன்னு நேந்து விட்டிருந்த சேவல, தம்பி வந்துட்டான்னு அத்தை அடிச்சு கொழம்பு வெச்சுட்டாங்க. மறுநா காலையில நாலரை மணி, மாமா பால் கறக்க உக்காந்திருக்காரு, அத்தை கன்னுக்குட்டிய புடிச்சுட்டு நிக்கறாங்க. மாமா ஆரம்பிச்சாரு: "ஏ செவலை, சாமிக்கு விட்ட சேவல ஆரோ தம்பிக்கு படைச்சுட்டாங்களாமா, நீ பாத்தியா?" அத்தை சும்மா இருப்பாங்களா, கன்னுக்குட்டிய தடவிக்கிட்டே, "ஏன் கண்ணு, அந்த கொழம்புல நாலு துண்டு தின்னுட்டு ஏப்பம் விட்டது ஆருன்னு உங்கம்மாள கேக்கச் சொல்லு."

புரிஞ்சுதுங்களா? இவரு மாட்டுகிட்ட, அவிங்க கன்னுக்குட்டிகிட்ட. எங்க கல்வித்துறை மாதிரியே, நேரா பேசக்கூடாது, எல்லாம் த்ரூ ப்ராப்பர் சேனல். செவலை தலைய ஆட்டும். அது ஈ ஓட்டறதுக்கு ஆட்டுதுங்க. மாமா, "பாரு, அதுவே ஒத்துக்குச்சு" அப்பிடீம்பாரு. கன்னுக்குட்டி "ம்மா"ங்கும், அத்தை "அது என் பக்கம்"பாங்க. பாலு அஞ்சு லிட்டரு கறந்து முடியறதுக்குள்ள கேஸ் முடிஞ்சு தீர்ப்பும் வந்துடும், மாமா தூக்குப்போசிய எடுத்துட்டு பால் சொசைட்டிக்கு கெளம்பிருவாரு.

இப்ப கதைக்கு வர்றேன். மாமாவுக்கு கண்புரை ஆபரேஷன். நாப்பது நாள் எங்க வீட்டுலயே இருக்கட்டும்னு கோயமுத்தூருக்கு கூட்டிட்டு வந்துட்டோம், நாலாவது மாடி பிளாட்டு. செவலைய பக்கத்து தோட்டத்துக்காரங்க பாத்துக்கறாங்க. மூணாவது நாளே சண்டை. கண்ணுக்கு மருந்து விடறப்ப மூக்குல விட்டுட்டாங்களாமா. நான் அரையாண்டு பேப்பர் திருத்திட்டு இருக்கேன், இந்தப்பக்கம் மாமா, அந்தப்பக்கம் அத்தை, நடுவுல மூணடி கூட இருக்காது. மாமா என்னைய பாத்து, "சாமி, காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லு"ங்கறாரு. அத்தை என்னைய பாத்து, "டிவியவே பாத்துட்டு இருந்தா ஆறாம என்ன பண்ணும்னு கேளு கண்ணு"ங்கறாங்க. நான் இந்தப்பக்கம் திரும்பறேன், அந்தப்பக்கம் திரும்பறேன், அவிங்க சொல்றதுக்கெல்லாம் தலைய தலைய ஆட்டறேன். அப்பத்தானுங்க ஒறைச்சுது, அட, செவலை போஸ்டிங்குல என்னைய டெபுடேஷன் போட்டுட்டாங்க! சில பேரு மருமகள மாட்டுப்பொண்ணுன்னு சொல்லுவாங்க, எதுக்குன்னு இருபது வருசமா எனக்கு வெளங்கல, அன்னிக்கு வெளங்குச்சு.

தட்டுங்க, அந்த விசில் அண்ணன் எங்க?

இப்ப சொல்லுங்க தம்பி, மாட்டுகிட்ட பேசறது பேச ஆளில்லாமயா? பேசறதுக்கு ஆளு இருக்கறதாலதானுங்க நடுவுல மாடே வேண்டியிருக்குது.

எங்க வூட்டுக்காரரு கணக்குல புலி. செவலை நட்டம்னு எக்செல் ஷீட் போட்டு அப்பாவுக்கு காட்டுனாரு. தவிடு இவ்வளவு, புண்ணாக்கு இவ்வளவு, சொசைட்டியில லிட்டருக்கு 38 ரூவா, ஆக மாசத்துக்கு இவ்வளவு நட்டம். மாமா கண்ணாடிய போட்டுட்டு பொறுமையா பாத்தாரு. "இதே மாதிரி உனக்கும் ஒண்ணு போடு, உன்னைய வளத்த செலவு எவ்வளவு, நீ இதுவரைக்கும் எத்தன லிட்டரு கறந்தீன்னு பாப்போம்"னாரு. அன்னிக்கு மூடுன லேப்டாப்.

சேரி, எதிரணி மத்த பாயிண்டையும் தொட்டுருவோம். தென்னையில வெள்ளை ஈ, நெசந்தான். மயிலு வந்து கடலைக்காட்ட கிண்டுது, தேசியப் பறவைங்கறதால அத வெரட்டுனா நம்மளத்தான் முறைக்குது. ராத்திரி நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரி தூரம்னாங்க. அது நியாயமான பாயிண்டு, எங்கிட்ட பதில் இல்ல, அதனால அடுத்ததுக்கு போறேன்.

மோட்டாரு ஓட்டற த்ரீ பேஸ் கரண்ட் பல நாளு ராத்திரிலதான் வருது, வயசானவங்க இருட்டுல போறாங்கன்னாங்க. அதுக்குத்தான் மவன் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிக் குடுத்தாரு, வீட்டுலருந்து போன் பண்ணுனா போதும், கெணத்துல மோட்டாரு ஓடும். மாமா கட்டல்ல உக்காந்து போன் பண்ணுவாரு. பண்ணிட்டு, ஓடுதான்னு பாக்க நடந்து போவாரு.

மணி அடிச்சுட்டீங்க நடுவரய்யா, ஒரே நிமிசம்.

கோயமுத்தூர்ல நாப்பது நாள்னு சொன்னேனே, பதினேழாவது நாளே பஸ் ஏறிட்டாங்க. நாந்தான் கூடப்போய் விட்டுட்டு வந்தேன். எறங்குனதும் மாமா வீட்டுக்குள்ள போகல, நேரா கட்டுத்தரைக்கு போயி செவலை கழுத்த தடவிட்டு, "உங்காத்தா எளைச்சுட்டா பாரு, டவுனுச்சோறு ஒத்துக்கல"ன்னாரு. சொவத்துக்கு இந்தப்பக்கம் அத்தை செருப்ப கழட்டாம நின்னுட்டு இருந்தாங்க.

போன வருசம் அத்தைக்கு முட்டி தேஞ்சு போச்சு, மாமாவுக்கு குனிஞ்சு கறக்க முடியல. செவலைய குடுத்துட்டாங்க. போன மாசம் போயிருந்தேன், கட்டுத்தரை கழுவி காஞ்சு கெடக்குது, மொளக்குச்சியும் கவுறும் மட்டும் அப்பிடியே இருக்குது. ராத்திரி பத்தரைக்கு கரண்ட் வந்துச்சு, மாமா போன் பண்ணிட்டு எந்திரிச்சாரு, அத்தை டார்ச்ச எடுத்துட்டு முட்டிய புடிச்சுட்டே பொறகால போறாங்க, வெளிச்சத்த அவரு காலுக்கே அடிச்சுட்டு போறாங்க. வாய்க்கா மேட்டுகிட்ட மாமா நின்னு திரும்பி, "ஏ புள்ள, எனக்கெதுக்கு அடிக்கற, உங்காலுக்கு அடிச்சுக்க"ன்னாரு. நேரா அவிங்ககிட்டயே சொன்னாரு.

"எனக்கு தடம் தெரியுமுங்க, நீங்க நடங்க"ன்னாங்க அத்தை.

இது எங்க அணிக்கு பாயிண்டா எதிரணிக்கு பாயிண்டான்னு நடுவரு முடிவு பண்ணிக்கட்டும். எதிரணிக்கு வணக்கம் பாக்கி இருக்குது, வணக்கமுங்க தம்பி. வர்றேனுங்க.