ஓங்கிய கை ஏன் நிற்கிறது?

(மன்னார்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, வடுவூரிலிருந்து விளையாட்டு பனியனோடு நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குறுவை அறுப்பு நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தபடி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை உட்காரவைத்துக் குத்துச்சண்டை பற்றிப் பேசுவது கொஞ்சம் அநியாயம்தான். பாக்சிங் என்றால் வடசென்னை, நம் பக்கம் கபடியும் சிலம்பமும் என்றுதான் பழக்கம். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக விடவில்லை. ஊரையே அடித்து வீழ்த்திய ஹெவிவெயிட் சாம்பியன், வயதான பிறகு ரிங்கில் ஏறுகிறார். கை ஓங்குகிறது. ஆனால் குத்து வருவதில்லை. ஏன்?

2015 நவம்பர் 28, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரம். உக்ரைன்காரர் விளாடிமிர் கிளிச்கோ, வயது 39. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 2004-க்குப் பிறகு தோல்வியே இல்லை, 2006-இலிருந்து சாம்பியன். எதிரே இங்கிலாந்தின் டைசன் ஃபியூரி, வயது 27. போட்டிக்கு முன் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்துக்கு பேட்மேன் வேஷம் கட்டிக்கொண்டு வந்த ஆள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், போட்டி முடிந்ததும் சிரிக்கவில்லை.

12 ரவுண்டு. கிளிச்கோ வீசிய மொத்தக் குத்துகள் 231, பட்டவை 52. ரவுண்டுக்கு நான்கு, ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிஷத்தில் நாலு குத்து! ஃபியூரி மட்டும் என்ன வாரியா இறைத்தார்? 371 வீசி 86 பட வைத்தார், அவ்வளவுதான். நடுவர்கள் மூவரும் ஃபியூரிக்கே கொடுத்தார்கள். நாக் அவுட் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. பார்க்க அலுப்பான போட்டி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுப்பான போட்டிகளில்தான் படிக்க நிறைய இருக்கும்.

மறுநாள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வயசாயிடுச்சு. அது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

குத்து கையிலிருந்து வருவதில்லை. பின்காலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. அந்தக் கை வெளியே போயிருக்கும் நேரம் முழுக்க நம் தாடைக்குக் காவல் இல்லை. போன வேகத்தில் கை திரும்பி வந்தாக வேண்டும். இளம் வயதில் இதை யாரும் யோசிப்பதில்லை. கை போகும், வரும். வயது ஏற ஏற, வெடித்துக் கிளம்பும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. நின்று தாங்கும் பலம் மிச்சமிருக்கும், பாய்கிற வேகம் குறைந்துவிடும். அதனால்தான் வயதான பாக்சரின் குத்து பட்டால் இன்னும் வலிக்கிறது. பட வைப்பதில்தான் சிக்கல்.

கண் விஷயம் வேறு. நல்ல பாக்சர் குத்தைப் பார்த்து விலகுவதில்லை. அதற்கு நேரம் போதாது. எதிராளியின் தோள் அசைவதையும் கால் எடை மாறுவதையும் பார்த்து, வரப்போவதை முன்கூட்டியே ஊகிக்கிறார். இந்த ஊகம் அனுபவத்தில் கூர்மையாகும், வயதில் மழுங்காது. அங்கேதான் வேதனை. நாற்பது வயதுச் சாம்பியனுக்கு இடைவெளி நன்றாகத் தெரிகிறது, இருபத்தைந்து வயதில் தெரிந்ததைவிட நன்றாகவே. உடம்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் அது மூடிவிடும் என்பதும் தெரிகிறது. தெரிந்துகொண்டே எப்படி வீசுவார்?

ஹெவிவெயிட்டில் இது இன்னும் மோசம். எடைக்கு மேல்வரம்பே இல்லாத பிரிவு அது. 100, 110 கிலோ ஆள் வீசும் ஒரே குத்தில் கதை முடியலாம். சின்ன எடைக்காரர்கள் நாலு வாங்கி அஞ்சு கொடுக்கலாம். இங்கே ஒன்று வாங்கினாலே போச்சு.

சரி, இதோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. அதே கிளிச்கோ 41 வயதில், லண்டன் வெம்ப்லி மைதானத்தில், 90,000 பேர் முன்னால் ஆந்தனி ஜோஷ்வாவோடு மோதினார். 39-இல் வீசாத கை 41-இல் வீசியது! வயதுதான் முழுக் காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

அப்படியானால் டுசல்டார்ஃபில் என்ன நடந்தது? கிளிச்கோவின் உயரம் 198 சென்டிமீட்டர். தன்னைவிடக் குள்ளமானவர்களோடுதான் பெரும்பாலும் மோதிப் பழகியவர். நீட்டிய இடதுகையால் எதிராளியைத் தள்ளி நிறுத்துவார், நேரம் பார்த்து வலதுகையை இறக்குவார், நெருங்கி வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார். ஃபியூரி 206 சென்டிமீட்டர், கையும் நீளம். முதல்முறையாகக் கிளிச்கோ நின்ற தூரம் அவருக்கு உரிய தூரமாக இல்லை. போதாததற்கு ஃபியூரி சும்மா நிற்கவே இல்லை. தலையை ஆட்டினார், தோளைக் குலுக்கினார், இடதுகைக்காரர் மாதிரி திரும்பி நின்றார், ஒரு கட்டத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாம் பாவ்லா. ஆனால் ஊகத்தை நம்பிப் பிழைக்கிறவருக்குப் பாவ்லாதான் விஷம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூளை ஒரு முடிவு எடுக்கிறது, அழிக்கிறது, மறுபடி எடுக்கிறது. கை பாதியில் நிற்கிறது.

தம்பிகளுக்கு இது உடனே புரியும். கபடியில் பேர் வாங்கிய ரெய்டர் ஒருவர் வயதான பிறகு, எதிரணிப் பக்கத்தில் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைன் கோட்டை மட்டும் தாண்டிவிட்டு, யாரையும் தொடாமல் திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் கத்தும். அவர் கோழையா? இல்லை. மூலையில் நிற்பவன் கணுக்காலுக்குப் பாய்வான் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கபடியில் ஒரு நல்ல விதி கொண்டுவந்துவிட்டார்கள்: அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால், மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளியே. பாக்சிங்கில் இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் விதி கிடையாது. தயங்கிக்கொண்டே 12 ரவுண்டையும் கழிக்கலாம். நடுவர் ஒன்றும் சொல்லாமல் ரவுண்டு ரவுண்டாக மற்றவர் பேரில் எழுதிக்கொண்டே போவார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கிளிச்கோவின் தயக்கம் முதுமையில் பிறந்தது இல்லை, இளமையில் பிறந்தது. ஃபியூரிக்கு முன் அவர் தோற்றது மூன்றே போட்டி. 1998-இல், 22 வயதில், சொந்த நாட்டின் கீவ் நகரத்தில் ராஸ் ப்யூரிட்டி என்ற அமெரிக்கரை அடித்துக்கொண்டே இருந்தார். அடித்து அடித்தே களைத்துப்போய் 11-ஆவது ரவுண்டில் தோற்றார். 2003-இல் கோரி சாண்டர்ஸ் இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்தினார். 2004-இல் லேமன் ப்ரூஸ்டரை நாலாவது ரவுண்டில் கீழே தள்ளியவரே, ஐந்தாவதில் மூச்சு முட்டிச் சரிந்தார். மூன்றில் இரண்டு தோல்வி, அதிகம் அடித்ததால் வந்தது!

இதைக் கண்டவர் என்ன பாடம் படிப்பார்? விளையாட்டு அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் வேறு; கணக்குப் போடாமல் இருப்பாரா? குத்து என்பது செலவு, அளந்துதான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். டெட்ராய்ட்டின் பெரிய பயிற்சியாளர் எமானுவேல் ஸ்டீவர்ட் அவரை அந்த வழியில் செதுக்கினார். 11 வருஷம் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஸ்டீவர்ட் 2012-இல் இறந்துபோனார். கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஃபியூரி வந்தபோது, குறைவாக அடித்து ஜெயிக்கும் வழி தெரிந்தவருக்கு, அதிகமாக அடித்தால்தான் பிழைப்பு என்ற நிலை. பதினோரு வருஷப் பழக்கத்தை 36 நிமிஷத்தில் மாற்ற முடியுமா? ஆகவே இதைப் பயம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஜெயித்த முறையே கையைப் பிடித்து நிறுத்தியது.

இங்கே முகமது அலியைக் கேட்காமல் விடமாட்டீர்கள். நம் மாநிலத்துக்கே வந்தவர் ஆயிற்றே. 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆர். அருகில் இருந்தார். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸிடம் வாங்கிய அடி இருக்கிறதே, அது வேறு கதை. அலி அன்று தயங்கவில்லை, முடியவில்லை. எடை குறைத்து, தைராய்டு மருந்து வேறு எடுத்து, 38 வயதில் காலி உடம்போடு ஏறியிருந்தார். 10 ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தச் சொன்னார். முடியாததையும் தயக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஜார்ஜ் ஃபோர்மேன்தான் எனக்கு ஆச்சரியம். 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்ற அலியை அடித்து அடித்தே கை ஓய்ந்து, எட்டாவது ரவுண்டில் விழுந்தவர். கிளிச்கோவுக்குக் கிடைத்த அதே பாடம், இன்னும் பெரிய மேடையில். ஆனால் ஃபோர்மேன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. இடையில் பத்து வருஷம் விளையாட்டையே விட்டுவிட்டு மதபோதகராக இருந்து திரும்பி வந்தவர், குத்தைக் குறைக்கவில்லை, அவசரத்தைக் குறைத்தார். 1994 நவம்பர் 5, வயது 45. எதிரே 26 வயது மைக்கேல் மூரர். ஒன்பது ரவுண்டு வரை மூன்று நடுவர்களின் தாளிலும் ஃபோர்மேன் பின்தங்கித்தான் இருந்தார். வாங்கிக்கொண்டே மெதுவாக இடதுகையை நீட்டிக்கொண்டே இருந்தார். பத்தாவதில் ஒரு குட்டையான வலதுகைக் குத்து, மூரர் எழுந்திருக்கவில்லை. வேகம் போன பிறகும் ஃபோர்மேன் வீசியதற்குக் காரணம், தவறவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் கின்ஷாசாவிலேயே பார்த்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இழக்கச் சாம்பியன் பட்டமும் கையில் இல்லை. அதுவும் சேர்த்துத்தான்.

வெம்ப்லிக்கு வருகிறேன். 2017 ஏப்ரல் 29. அன்று கிளிச்கோவிடமும் பட்டம் இல்லை. கை தாராளமாக வந்தது. ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார், எழுந்தார். ஆறாவதில் வலதுகையால் ஜோஷ்வாவைக் கீழே தள்ளினார். 27 வயதுப் பையன் தள்ளாடி எழுந்தபோது, பாய்ந்து முடிக்க வேண்டிய நேரத்தில், பழைய கணக்கு திரும்பி வந்துவிட்டது. அளந்து, பார்த்து, தூரம் வைத்து நின்றார். ஜோஷ்வா மூச்சு பிடித்துக்கொண்டார். 11-ஆவதில் ஒரு அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே தாடைக்கு ஏறும் குத்து. அதில் நிலைகுலைந்த கிளிச்கோ இரண்டு முறை விழுந்தார், போட்டி நிறுத்தப்பட்டது. அந்த ஆகஸ்ட்டில் கிளிச்கோ ஓய்வு பெற்றார். இருந்தும், டுசல்டார்ஃபில் பெரிதாக அடி வாங்காமல் தோற்றதைவிட வெம்ப்லியில் விழுந்து தோற்றதைத்தான் ஊர் பாராட்டியது. நானும் அந்தப் பக்கம்தான்.

ப்ரூஸ்டரிடம் மூச்சு முட்டிய நினைவு அந்த ஆறாவது ரவுண்டில் அவருக்கு வந்ததா என்று தம்பி ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வந்திருக்கும் என்பதுதான் என் ஊகம். அவரைத் தவிர யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு கேள்விகள் இருந்தால் கரண்ட் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நெல் காயப் போட்டிருப்பவர்கள் முதலில்.